மேற்கு வாசலுக்கு எடுத்த டிக்கெட்

— இது மேற்கு வாசலுக்கு எடுத்த பதிவு ஐயா. நீங்க நிக்கிறது கிழக்கு வாசல். எத்தனை தடவை போனை நீட்டினாலும் அதுல எழுத்து மாறப் போறதில்ல.

— காடு ஒண்ணுதானேம்மா? முன்படியில ஏறினாலும் பின்படியில ஏறினாலும் பஸ் ஒண்ணுதான். ஆயுசு பூரா கண்டக்டரா இருந்தவன் சொல்றேன்.

— கண்டக்டர்னா உங்களுக்கே தெரியணும். வேற ரூட் டிக்கெட்டை ஒருத்தன் நீட்டினா என்ன பண்ணுவீங்க?

— விசில் அடிச்சு இறக்கி விட்டுடுவேன்.

— அப்புறம் என்ன? பைக்கை ஓரமா தள்ளுங்க. பின்னாடி கார் நிக்குது பாருங்க.

— மாமா, நீங்க கொஞ்சம் தள்ளுங்க, நான் பேசறேன். மேடம், ஒரு நிமிஷம். ஒரு பைக், ரெண்டு பேரு, இன்னிக்குத் தேதி. எல்லாம் சரியா இருக்கு. வாசல் மட்டும்தான் மாறிப் போச்சு. விடியறதுக்கு முன்னாடி கிளம்பி, வழி பூரா மழையில நனைஞ்சுக்கிட்டு வந்திருக்கோம். நீங்க பெரிய மனசு பண்ணி...

— தம்பி, என் மனசு பெருசானா கேட்டு திறந்துக்காது. ஒரு வாசலுக்கு ஒரு நாளைக்கு இத்தனை பைக்குன்னு கணக்கு. கார்ல வர்றவங்களை மிருகம் மறிச்சா கண்ணாடியை ஏத்திக்கிட்டு உக்காந்துடுவாங்க. பைக்குல வர்றவங்க எங்க போவாங்க? அதான் இவ்வளவு கெடுபிடி. இங்க இன்னிக்கு இடம் நிறைஞ்சு போச்சு.

— மேற்கு வாசலுக்கு இப்படியே சுத்திப் போனா?

— மலையையே ஒரு சுத்து சுத்தணும். போய்ச் சேர இருட்டிடும். மத்தியானத்துக்கு மேல எந்த வாசல்லயும் உள்ள விட மாட்டாங்க.

— நாளைக்கு?

— நாளையிலேருந்து காட்டை மூடறோம். இனி மழைக்காலம் முடிஞ்சுதான். உங்க தலைக்கு மேல போர்டுல அவ்வளவு பெருசா எழுதியிருக்கே.

— கேட்டீங்களா மாமா?

— கேட்டேன் மாப்ள.

— ஏன் மாமா மேற்கு வாசலைப் போட்டீங்க? நம்ம ஊரு இருக்கிறது கிழக்குல. நாம வர்றது கிழக்கேருந்து.

— ஃபாரத்துல 'வாசல்'னு கேட்டான். பாப்பா தங்கியிருக்கிற முகாம் மேற்கு வாசல் பக்கத்துல. அதான் மேற்குன்னு போட்டேன்.

— அது நுழையற வாசல் மாமா.

— எனக்கு அது தோணவே இல்ல. பஸ்ல ஏறுறவன் எவனாவது ஏறின இடத்தைச் சொல்லி டிக்கெட் கேப்பானா? இறங்குற இடத்தைத்தானே சொல்லுவான். ஏறின இடந்தான் அவன் நிக்கிறதுலயே தெரியுதே. கை பழகின பழக்கம் மாப்ள, இறங்குற இடத்தைப் போட்டுட்டேன்.

— எடுத்ததும் என்கிட்ட ஒரு தடவை காட்டியிருக்கலாம்.

— காட்டாம என்ன, தெருவுக்கே காட்டினேன். நீங்க நாள் கணக்கா போனைத் தட்டித் தட்டி ஒரு இடம் கிடைக்கல. நான் பிரவுசிங் சென்டர் போய் பொடிப்பசங்க நடுவுல உக்காந்து, ஒரே மூச்சுல எடுத்துட்டேன். அந்தப் பெருமையில நானும் வாசலைப் பாக்கல, நீங்களும் பாக்கல. திட்டுங்க மாப்ள, வாங்கிக்கிறேன்.

— திட்டத் தெம்பு இல்ல மாமா. சாயங்காலம் உங்க பொண்ணு டீமோட லாரியில ஏறிடுவா. மேற்கு வழியா வெளிய போய் வேற ஏதோ காட்டுக்குப் போயிடுவா. எந்தக் காடுன்னுகூட எனக்குத் தெரியாது.

— எனக்கும்தான் தெரியாது. போய்ச் சேர்ந்ததும் சொல்றேன்னிருக்கா.

— உங்களுக்குச் சொல்லுவா. எனக்கு யாரு சொல்லுவா?

— இருங்க, மனசை விடாதீங்க. அங்க வரிசையில பைக்குப் பசங்க நிக்கிறாங்களே, அதுல ஒருத்தன்கிட்ட கேட்டுப் பாக்கறேன். உன் இடத்தை எங்களுக்கு விட்டுக் குடுப்பான்னு.

— வண்டி நம்பரோட எழுதியிருக்கும் ஐயா. அவன் விட்டுக் குடுத்தாலும் அவன் பைக்குதான் உள்ள போகும், நீங்க போக முடியாது.

— அதுக்கும் ஒரு பூட்டு போட்டு வெச்சிருக்கீங்களாம்மா?

— நான் போடல ஐயா. நான் வெறும் கேட்டு.

— மாமா, இப்படிக் கிட்ட வாங்க. அந்தக் காருக்கு கேட்டைத் தூக்குவாங்க இல்ல, அது பின்னாடியே ஒட்டிக்கிட்டு நுழைஞ்சிடறேன். நீங்க கெட்டியாப் பிடிச்சுக்கங்க.

— வேண்டாம் மாப்ள.

— ஒரு நொடிதான் மாமா.

— டிக்கெட் எடுக்காம ஓடினவனை எல்லாம் சட்டையைப் பிடிச்சு இழுத்த கை இது. அதை விடுங்க. அது பாப்பா வேலை பாக்குற இடம். அவ அப்பனும் புருஷனும் கேட்டை உடைச்சுக்கிட்டு வந்தாங்கன்னு அவ தலைகுனிஞ்சு நிக்கணுமா?

— நீங்க ரகசியம் பேசறது எனக்கு நல்லாவே கேக்குது தம்பி. சாவியைக் கழட்டிப் பையில போடுங்க.

— போட்டுட்டேன் மேடம்.

— ரைட். அழுதுக்கிட்டு நின்னா ஆகாது. போன்ல இன்னொரு தடவை பாருங்க. கடைசி நேரத்துல எவனாவது சீட்டை விட்டுட்டு இறங்குவான். பஸ்ல எத்தனை பாத்திருக்கேன்.

— டவரே இல்ல மாமா.

— அந்தப் பாறை மேல ஏறுங்க. ஏறலாமாம்மா?

— ஏறலாம். வழுக்கும், பாத்து.

— வந்துச்சு மாமா. ஒரு கோடு காட்டுது. இருங்க, திறக்குது. மாமா, கிழக்கு வாசல், பைக்கு, ஒரு இடம் காலின்னு காட்டுது.

— அமுக்குங்க, அமுக்குங்க.

— அமுக்கிட்டேன். நீ மனுஷன்தானான்னு கேக்குது.

— யாரைப் பாத்து?

— என்னைப் பாத்துதான். கட்டம் கட்டமா படம் போட்டு, பஸ் இருக்கிற கட்டத்தை எல்லாம் தொடுங்கிது. மழைத்தண்ணி விழுந்து அதுவா வேற எதையோ அமுக்குது. கைக்குட்டை குடுங்க.

— இந்தாங்க. நானும் மேல வரேன். பஸ்ஸுன்னா என்கிட்ட காட்டுங்க. இது பஸ்ஸு. அதுவும் பஸ்ஸு. இது பஸ்ஸோட பின்பக்கம், தொடுங்க.

— இது?

— அது வேன்.

— பஸ் மாதிரிதானே மாமா இருக்கு.

— மாதிரி இருக்கு. படிக்கட்டு எங்க இருக்கு, காட்டுங்க. உள்ள நிமிர்ந்து நின்னா மண்டை இடிக்கும். அது வேனு மாப்ள. தொடாதீங்க.

— மிஷின் அதையும் பஸ்ஸுன்னு நினைச்சிருந்தா?

— மிஷின் எந்த டிப்போவுல வேலை பாத்துச்சு? என் பேச்சைக் கேளுங்க.

— தப்புங்கிது மாமா.

— எது தப்பு?

— வேனையும் தொட்டிருக்கணும் போல. வேற படம் வருது. சுத்துது. இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு.

— பொறுங்க, வரும்.

— போயிடுச்சு. வேற யாரோ எடுத்துட்டாங்க.

— மறுபடியும் பாருங்க.

— காலி இல்லன்னு காட்டுது. எல்லாம் போச்சு மாமா.

— அது வேனுதான் மாப்ள.

— வேனுதான் மாமா. விடுங்க.

— தம்பி, பாறையில உக்காந்து இப்படி அழறீங்களே. கீழ இறங்குங்க, வழுக்கி விழுந்தா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும். உள்ள அப்படி என்ன பாக்கப் போறீங்க? இந்த மழைக்கு ஒரு மிருகமும் வெளிய தலை காட்டாது.

— மிருகம் பாக்க வரல மேடம். என் மனைவி உள்ள இருக்கா.

— உள்ளன்னா? எந்த முகாம்ல?

— காட்டுக்குள்ள மரத்துல கேமரா கட்டி வெச்சிருக்காங்க இல்ல, அதுல விழுற படத்தை எல்லாம் பாத்துப் பிரிக்கிற வேலை.

— நம்ம கேமரா அக்காவா? அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஒரு தடவைகூட சொன்னதில்லையே.

— சொல்லியிருக்க மாட்டா.

— அப்பா பஸ் கண்டக்டர்னு மட்டும் சொல்லுவாங்க. ஐயா, அப்ப அது நீங்களா?

— நானேதாம்மா. இவரு என் மருமகன். தங்கமான பிள்ளை. லிஃப்ட் ரிப்பேர் பாக்குறாரு. எவன் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாலும் சாப்பிடற தட்டை அப்படியே வெச்சுட்டு ஓடுவாரு.

— அதைச் சொல்லாதீங்க மாமா. அதுதான் வினையாப் போச்சு.

— என்ன நடந்துச்சு தம்பி? சொல்ல இஷ்டம் இருந்தா சொல்லுங்க.

— ஒரு ஆபீஸ் கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஆளுங்க கத்துறாங்கன்னு போன் வந்துச்சு, போனேன். லிஃப்ட் குழிக்குள்ள இறங்கறப்ப போனை மேல வெச்சுட்டுத்தான் இறங்கணும், அது எங்க வேலையில சட்டம். எல்லாரையும் வெளிய எடுத்துட்டு மேல வந்து பாக்கறேன், போன் பூரா அவ பேரு.

— பாப்பா மாசமா இருந்தாம்மா. தனியாவே வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. குழந்தை தங்கல.

— நான் போய் நிக்கறப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு மேடம். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, என்ன ஆச்சு தெரியுமான்னு ஆரம்பிச்சா. நான்தான், விடும்மா, நடந்தது நடந்து போச்சு, அதையே பேசாதேன்னேன். ஆறுதல் சொல்றதா நினைச்சேன். அப்புறமும் அவ எப்ப ஆரம்பிச்சாலும் அதையே சொல்லி வாயை அடைச்சேன். அவ அழறதை என்னால பாக்க முடியல, அதுதான் உண்மை. ஒரு நாள் பேசறதையே நிறுத்திட்டா. அப்புறம் வீட்டை விட்டும் போயிட்டா.

— மாப்ள, போதும். கண்ணைத் துடைங்க.

— நீங்களும் பாருங்க, போதும்னு சொல்றீங்க.

— சரி, ரெண்டு பேரும் கேளுங்க. ஒரு வழி இருக்கு. ரூல்ல இருக்கிறதுதான், யாரும் கேக்கறதில்ல, அதனால நாங்களும் சொல்றதில்ல. இப்ப சாமான் ஏத்திக்கிட்டு ஜீப் உள்ள போகும். முகாம்ல வேலை பாக்குறவங்க பொறுப்பேத்துக்கிட்டா, அவங்க சொந்தக்காரங்கள்ல ஒருத்தரை அதுல ஏத்தி விடலாம். ஒருத்தரைத்தான். பைக்கு இங்கயே நிக்கட்டும்.

— அம்மா, நீ நல்லா இருக்கணும். மாப்ளையை ஏத்திடு.

— நீங்க சொன்னா ஆகாது ஐயா. யாரு வரணும்னு அக்காவே வயர்லெஸ்ல சொல்லணும்.

— சொல்லுவா மேடம். என்னைத்தான் சொல்லுவா. அவ வரச் சொல்லித்தானே நான் வந்தேன். அவரையும் கூட்டிட்டு வாங்கப்பான்னு மாமாகிட்ட சொல்லியிருக்கா. கூப்பிடுங்க மேடம், சீக்கிரம். மாமா, அந்தக் கைக்குட்டையைக் குடுங்க, மூஞ்சியைத் துடைச்சுக்கறேன். மாமா?

— இருக்கேன் மாப்ள.

— ஏன் தலையைக் குனியறீங்க? வரச் சொன்னாதானே?

— போன வாரம் பேசினா.

— என்ன பேசினா? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க.

— வேற காட்டுக்குப் போறேன், அதுக்கு முன்னாடி உங்களை ஒரு தடவை பாக்கணும்ப்பான்னா.

— உங்களை.

— என்னைத்தான்.

— என்னைப் பத்தி?

— நான் உங்க பேச்சை எடுத்தேன். அங்க மழை பெய்யுதாப்பான்னு கேட்டா.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— வழி நெடுக பின்னாடி உக்காந்துக்கிட்டு, பாப்பா காத்துக்கிட்டு இருப்பா, வேகமாப் போங்க வேகமாப் போங்கன்னு என் முதுகுல தட்டினீங்களே மாமா.

— தட்டினேன்.

— நான் என்னென்னவோ நினைச்சுக்கிட்டு ஓட்டினேன். அவகிட்ட என்ன பேசணும், எப்படிப் பேசணும்னு ஹெல்மெட்டுக்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன்.

— எனக்குக் கேட்டுச்சு. காத்துல பாதி போச்சு, பாதி காதுல விழுந்துச்சு. அதைக் கேட்டதுக்கு அப்புறம் நிஜத்தைச் சொல்ல எனக்கு வாய் வரல.

— எதுக்கு மாமா இந்தப் பொய்?

— நீங்க எங்க தெருப்பக்கம் வந்துக்கிட்டே இருந்தீங்களே, அதான். உள்ள வாங்கன்னா வர மாட்டீங்க. பாப்பா பேசினாளான்னும் கேக்க மாட்டீங்க. இந்தப் பக்கம் ஒரு லிஃப்ட் ரிப்பேரு, அப்படியே எட்டிப் பாத்தேன்னு சொல்லிட்டுப் போவீங்க. எங்க ஏரியாவுல மாடிக் கட்டடமே கிடையாது மாப்ள.

— அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சா மாமா?

— எத்தனை நாள் பாத்துக்கிட்டு இருப்பேன்? ஒரு தடவை நேருக்கு நேர் நின்னுட்டா என்ன ஆயிடும்னு நினைச்சேன். அவ நாலு வார்த்தை திட்டினாலும் சரி, திட்டட்டும்.

— ஐயா, ஜீப் வந்துடுச்சு. டிரைவர் அவசரப்படுறாரு. கூப்பிடவா, வேண்டாமா?

— கூப்பிடுங்க மேடம். மாமா மட்டும் வந்திருக்காருன்னு சொல்லுங்க. நான் வந்ததே அவளுக்குத் தெரிய வேண்டாம்.

— நான் போகல. போனா மாப்ளைதான் போகணும்.

— நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க. நான் பொய் சொல்ல மாட்டேன். அப்பா வந்திருக்காரு, வீட்டுக்காரரும் வந்திருக்காரு, ஒருத்தர்தான் வரலாம், யாருன்னு கேப்பேன். அவங்க சொல்றதுதான். தம்பி, அக்காகிட்ட நீங்க ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, அதையும் சேத்துச் சொல்றேன். ஆனா வயர்லெஸ்ல பேசறது எல்லா முகாமுக்கும் கேக்கும், யோசிச்சுச் சொல்லுங்க.

— மன்னிச்சுக்கோன்னு சொல்லட்டுமா மாமா?

— அதை நீங்க ஆயிரம் தடவை சொல்லியாச்சு மாப்ள. அவ காதே புளிச்சிருக்கும்.

— அப்ப இதைச் சொல்லுங்க மேடம். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு அவ எனக்குச் சொல்லணும். வண்டியில ஏறினதுலேருந்து எல்லாத்தையும். நடுவுல நான் வாயைத் திறக்க மாட்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும் உக்காந்து கேப்பேன்.

— எல்லா முகாமுக்கும் கேக்குமே தம்பி, பரவாயில்லையா?

— கேக்கட்டும்.

— சரி. இங்கயே நில்லுங்க.

— மாமா, நீங்க எட்டிப் பாருங்க. என்னால பாக்க முடியல.

— கண்ணாடி வழியா தெரியுது. பேசுது அந்தப் பொண்ணு. இப்ப பேச்சை நிறுத்திட்டு காதுல வெச்சுக்கிட்டு நிக்குது.

— முகம் எப்படி இருக்கு?

— அது கேட்டுல வேலை பாக்குற முகம் மாப்ள. அதுல ஒண்ணும் தெரியாது.

— தலையாட்டுறாங்களா?

— இல்ல. சும்மா நிக்குது.

— பயமா இருக்கு மாமா. வராதேன்னு சொன்னாக்கூட தாங்கிக்குவேன். பதிலே சொல்லாம வெச்சுட்டா என்ன பண்றது? அங்க மழை பெய்யுதான்னு கேட்டா என்ன பண்றது?

— என் கையைப் பிடிச்சுக்கங்க.

— ஐயா, தம்பி, ரெண்டு பேரும் வாங்க. பேசிட்டேன். ஜீப்பைப் போகச் சொல்லிட்டேன்.

— யாரையும் ஏத்தாமலா?

— உள்ள விட வேண்டாம்னுட்டாங்க.

— இவரையா?

— ரெண்டு பேரையும்தான் ஐயா.

— என்னையுமாம்மா? என்னைப் பாக்கணும்னு அவதானே சொன்னா?

— என்னாலதான் மாமா. என்னோட வந்ததால உங்களையும் வேண்டாம்னுட்டா. ரொம்ப நன்றி மேடம். வாங்க மாமா, ஹெல்மெட்டைப் போடுங்க. மழை வலுக்கறதுக்குள்ள கிளம்பிடலாம்.

— தம்பி, நான் இன்னும் முடிக்கல. முழுசாக் கேக்காமலே வண்டியை எடுக்கறீங்களே. இதைத்தான் அக்காகிட்டயும் பண்ணியிருக்கீங்க.

— சொல்லுங்க. நான் பேசல.

— ஊரே கேக்கற வயர்லெஸ்ல வெச்சு அதையெல்லாம் சொல்ல முடியாதுன்னாங்க. முகாம்ல, கூட வேலை பாக்குறவங்க நடுவுல வெச்சும் முடியாதாம். லாரியில ஏறப் போறதில்லையாம். இந்த ஜீப் திரும்பறப்ப அதுல பையோட கிளம்பி இங்க வர்றாங்களாம். வேலையை விடல, லீவுதான், அதை அவருகிட்ட தெளிவாச் சொல்லிடுன்னாங்க. அப்புறம், பைக்குல பின்னாடி ஒரு ஆளுக்கு இடம் இருக்கான்னு கேட்டாங்க. நான் என்ன சொல்லட்டும்?

— இருக்குன்னு சொல்லும்மா. நான் பஸ்ல போயிக்கிறேன்.